மின்சாரக் கார் ரீகால்: அப்டேட் போட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்

ரீகால் கடிதம், அதாவது கோளாறைச் சரிசெய்யக் காரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் தயாரிப்பாளரின் கடிதம், வந்ததும் பெரும்பாலானோர் அதில் தேடுவது இரண்டே விஷயங்கள்: வண்டியை எப்போது விட வேண்டும், எப்போது திரும்பக் கிடைக்கும். அதைவிட முக்கியமான மூன்று வரிகள் அதே கடிதத்தில் இருக்கும். எந்தப் பாகத்தில் என்ன கோளாறு, சரிசெய்யும் வரை நீங்கள் என்ன செய்ய வேண்டும், கடைசியில் என்ன செய்து தருவார்கள். இந்தக் கடைசி வரியில் ‘மென்பொருள் அப்டேட்’ என்று மட்டும் இருந்தால், அந்த ரீகால் இன்னும் முடியவில்லை என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது. பல பெரிய ரீகால்களில் முதலில் மென்பொருள் வந்தது, பிறகுதான் பாகம் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் ‘சரியாகிவிட்டது’ என்று நம்பியிருந்தவர்களின் காரில்தான் ஆபத்து உட்கார்ந்திருந்தது.

ஷெவர்லே போல்ட் காரை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2017 முதல் 2019 வரையிலான மாடல்களில் சுமார் 68,000 கார்களைத் திரும்ப அழைத்தது. முதல் தீர்வு, சார்ஜ் 90 சதவீதத்தைத் தாண்டாதபடி மென்பொருளால் கட்டுப்படுத்துவது. சில மாதங்கள் கழித்து, பேட்டரியின் போக்கைக் கண்காணிக்கும் இன்னொரு மென்பொருளைப் போட்டு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அப்படிச் சரிசெய்து அனுப்பப்பட்ட கார்களிலேயே தீப்பிடித்தது. 2021 ஜூலையில் மறுபடியும் ரீகால். ஆகஸ்டில் அதுவரை தயாரான எல்லா போல்ட் கார்களும் சேர்ந்தன. மொத்தம் ஏறத்தாழ 1,42,000. பேட்டரி மாட்யூல்களை (செல்கள் அடங்கிய தொகுதிகளை) மாற்றித் தரும் முடிவு இந்த இரண்டாவது ரீகாலோடுதான் வந்தது.

ஹூண்டாய் கோனாவிலும் இதே வரிசைதான். 2020 அக்டோபரில் உலகம் முழுக்கச் சுமார் 77,000 கார்களுக்கு ரீகால் வந்தது. பேட்டரி மேலாண்மை மென்பொருளைப் புதுப்பித்து, கோளாறு தென்பட்டால் மட்டும் பேட்டரியை மாற்றுவது என்றார்கள். 2021 ஜனவரியில் தென்கொரியாவின் தேகு நகரில், அந்த அப்டேட் போடப்பட்ட ஒரு கோனா தீப்பிடித்தது. அடுத்த மாதமே கோனா உள்ளிட்ட சுமார் 82,000 வாகனங்களுக்குப் பேட்டரியை மாற்றித் தருவதாக அறிவிப்பு வந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு பேட்டரியின் செல்லுக்குள் பார்க்க வேண்டும். லித்தியம் அயனி செல்லில் நேர்மின் தகடும் எதிர்மின் தகடும் அடுக்கடுக்காக இருக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே நிற்பது செபரேட்டர் என்ற பிளாஸ்டிக் சவ்வு. தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் மின்சாரத்தை வெளியே எடுக்க ஒரு சிறு நாக்கு நீட்டியிருக்கும். அதை டேப் என்பார்கள். போல்ட்டின் சில செல்களில் எதிர்மின் தகட்டின் டேப் கிழிந்திருந்தது, செபரேட்டரும் மடிந்திருந்தது. இரண்டு குறையும் ஒரே செல்லில் சேரும்போது தீ அபாயம் என்று கண்டார்கள். கோனாவில் சொல்லப்பட்டது மடிந்த டேப். சார்ஜ் ஏறும்போது எதிர்மின் பக்கத்து கிராஃபைட் 10 சதவீதம் வரை உப்பும், இறங்கும்போது சுருங்கும். தினமும் நடக்கும் இந்த ஏற்ற இறக்கத்தில், தொழிற்சாலையிலேயே மடிந்துவிட்ட ஒரு மூலை எந்த நாளில் சவ்வைத் தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. மென்பொருளுக்குத் தெரிவது மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம் மட்டுமே. கெட்டுக்கொண்டிருக்கும் செல்லை அது ஒருவேளை கண்டுபிடிக்கும். மடிந்த சவ்வை நிமிர்த்தித் தராது.

அதற்காக மென்பொருள் தீர்வு எல்லாமே கண்துடைப்பு என்று சொல்லவில்லை. கோளாறே மென்பொருளில் இருந்தால் அதுதான் முழுத் தீர்வு. 2024 பிப்ரவரியில் டெஸ்லாவின் சுமார் 22 லட்சம் கார்களுக்கு வந்த ரீகால், திரையில் பிரேக், பார்க், ஏபிஎஸ் எச்சரிக்கை எழுத்துகள் விதிக்குட்பட்ட அளவைவிடச் சிறியதாக இருந்ததற்காக. இணையம் வழியாக ஒரு அப்டேட் போனது, எழுத்து பெரிதானது, விஷயம் முடிந்தது. ஆகவே கடிதத்தைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோளாறு உலோகத்திலா, செல்லிலா, சர்க்யூட்டிலா, அல்லது நிரலிலா? பொருளில் இருக்கும் கோளாறுக்கு நிரலில் தீர்வு தந்தால், அது பெரும்பாலும் அபாயத்தைக் குறைப்பது, நீக்குவது அல்ல.

ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ இதற்கு இன்னொரு உதாரணம். பேட்டரியையும் மோட்டாரையும் இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளைக் கான்டாக்டர் என்பார்கள். டிசி ஃபாஸ்ட் சார்ஜிங்கும் (நேர்மின்னோட்டத்தில் வேகமாக ஏற்றுவது), ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப முழுக்க அழுத்துவதும் சேர்ந்தால் அவை சூடேறி, முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம் அல்லது சிதைந்து இணையாமல் போகலாம். ஓடும்போது நடந்தால் வண்டி உந்துசக்தியை இழக்கும். 2022 ஜூனில் 48,924 கார்களுக்கு மென்பொருளால் வெப்பத்தைக் கண்காணிக்கும் தீர்வு தரப்பட்டது. அது போதாமல் 2023-ல் கான்டாக்டர்கள் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸையே மாற்றும் ரீகால் வந்தது.

இதிலிருந்து கிடைக்கும் பழக்கம் எளிது. சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் பார்ப்பதை ஒருமுறை செய்து விட்டுவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். சேசிஸ் எண்ணில் 17 எழுத்தும் இலக்கமும் இருக்கும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஆகவே அப்படித் தெரிவது ஒன்று, பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வெளியிலிருந்தே தெரியும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலும், பதிவுச் சான்றிதழிலும் இருக்கும். ‘என் மாடல், என் வருடம் பட்டியலில் இல்லை’ என்று செய்தியை மட்டும் படித்து ஒதுக்காதீர்கள். ரீகால் மாடலைப் பொறுத்ததல்ல. எந்த நாளில், எந்தத் தொகுதிப் பாகத்தோடு அந்த வண்டி தயாரானது என்பதைப் பொறுத்தது. அறிவிப்பு வந்த அன்றே எல்லா எண்களும் தேடுதளத்தில் ஏறியிருக்காது. சில வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். தயாரிப்பாளரின் தளம், நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் தளம் இரண்டிலும் பார்ப்பது பாதுகாப்பு.

பாகம் வரும் வரை

பாகம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரைக்குமான அறிவுரைகள் எல்லாம் ஒரே எடையில் வருவதில்லை. மிகக் கடுமையானது ‘ஓட்டாதீர்கள்’. 2022 ஜூனில் டொயோட்டா பிஇசட்4எக்ஸ் சுமார் 2,700 கார்களுக்கு அப்படித்தான் வந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஹப் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடும் அபாயம். அப்படி ஒரு வரி இருந்தால் சர்வீஸ் சென்டர் வரைகூட ஓட்டிப் போகக் கூடாது. ‘வண்டியை எடுத்துச் செல்ல வண்டி அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ‘வெளியே நிறுத்துங்கள்’. இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஓட்டும்போது ஒன்றும் ஆகவில்லையே என்ற எண்ணம். பேட்டரித் தீ வண்டி நின்றிருக்கும்போதும் வரும். 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இன்சோனில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி நிறுத்தத்தில், சார்ஜில் போடாமல் சும்மா நின்றிருந்த ஒரு மின்சாரக் கார் எரிந்தது. அணைக்கச் சுமார் எட்டு மணி நேரம் ஆனது, நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமாயின. ரீகாலில் இருக்கும் கார் என்றால் வீட்டோடு ஒட்டிய ஷெட், நிலத்தடி நிறுத்தம், படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் உள்ள இடம் மூன்றையும் தவிருங்கள். போல்ட் உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: சார்ஜ் முடிந்ததும் வெளியே கொண்டுவந்து நிறுத்துங்கள், இரவு முழுக்கக் கட்டடத்துக்குள் சார்ஜில் விடாதீர்கள், பொது நிறுத்தங்களில் மற்ற வண்டிகளிலிருந்து 50 அடி, அதாவது 15 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.

சார்ஜ் வரம்பைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். 90 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். முழு சார்ஜில் செல்லின் மின்னழுத்தமும் உள் அழுத்தமும் அதிகம். கெட்டுப்போனால் வெளியே கொட்டும் ஆற்றலும் அதிகம். கீழ்ப்பக்கமும் வரம்பு உண்டு. போல்ட்டில் மீதமுள்ள தூரம் 113 கிலோமீட்டருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மேல் வரம்பை மட்டும் வைத்துவிட்டு, கடைசிச் சொட்டு வரை ஓட்டுவது பாதி மருந்து சாப்பிடுவது போல. வரம்பைத் திரையில் வைத்த பிறகு, அப்டேட் ஒவ்வொன்றுக்கும் பிறகு அது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில், அளவீடு சரியாக இருக்க அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றச் சொல்வது வழக்கம். ரீகால் கடிதம் வேறு சொன்னால் கடிதம் சொல்வதே நடக்கட்டும். சதவீதக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை.

2024-ல் நிசான் லீஃப் 2019, 2020 மாடல்களுக்கு அமெரிக்காவில் வந்த ரீகாலில் வரம்பு சதவீதத்தில் இல்லை, சார்ஜ் செய்யும் முறையில் இருந்தது. செல்களில் லித்தியம் அளவுக்கு மீறிப் படிந்து தடை கூடுவதால், ஃபாஸ்ட் சார்ஜிங்கில் சூடு கட்டுக்கடங்காமல் போகலாம். ஆகவே தீர்வு வரும் வரை ஃபாஸ்ட் சார்ஜர் பக்கம் போகாதீர்கள் என்றார்கள். ‘80 சதவீதத்தோடு நிறுத்தினால் போதும்’ என்று ஒரு காரின் அறிவுரையை இன்னொரு காருக்குப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் சின்ன பேட்டரிதான்

தீ என்ற சொல் செய்தியில் பெரிதாக வருகிறது. ஆனால் மின்சாரக் காரை நடுவழியில் நிறுத்தும் கோளாறுகளில் அடிக்கடி பார்ப்பது 12 வோல்ட் பக்கத்துக் கோளாறு. இதை விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

400 அல்லது 800 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தாலும், 12 வோல்ட் இறந்தால் வண்டி பிணம். ஏனென்றால் பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர்களை இழுத்துப் பிடிப்பதே 12 வோல்ட்தான். கதவுப் பூட்டு, திரை, ஸ்டீயரிங் உதவி, பிரேக் உதவி, எல்லாக் கணினிகளும் அதில்தான் ஓடுகின்றன. பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலையை இங்கே டிசி–டிசி கன்வெர்ட்டர் செய்கிறது. பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இறக்கி சின்னதுக்குக் கொடுக்கும்.

ஹூண்டாய், கியா, ஜெனிசிஸ் கார்களில் இந்தக் கன்வெர்ட்டரும், ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றிப் பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் ஆன்போர்டு சார்ஜரும் ஐசிசியு என்ற ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. திடீர் மின்னோட்டத்தாலும், சூடாகிக் குளிர்ந்து மறுபடி சூடாவதாலும் அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சேதமாகி, 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போவது நின்றுவிடுகிறது. 2024 மார்ச்சில் தென்கொரியாவில் மட்டும் சுமார் 1,70,000 கார்களுக்கு ரீகால் வந்தது. ஐயோனிக் 5, ஐயோனிக் 6, இவி6, ஜிவி60 எல்லாம் அதில் அடக்கம். தீர்வு மென்பொருள், தேவைப்பட்டால் பெட்டியும் ஃபியூஸும் மாற்றுதல். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் 1,45,235-க்கு மீண்டும் ரீகால். அங்கே மார்ச்சில் வந்த ரீகாலில் சரிசெய்தவர்களும் மறுபடி வர வேண்டியிருந்தது.

இது நடக்கும் விதம் தெரிந்திருந்தால் உயிர் தப்பலாம். பின்புறமிருந்து ‘பட்’ என்று ஒரு சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். மின் அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லி திரையில் எச்சரிக்கை வரும். வண்டி அந்த நொடியே நிற்காது. 12 வோல்ட் பேட்டரியில் இருக்கும் மிச்சத்தில் கொஞ்ச நேரம் ஓடும், இழுவை படிப்படியாகக் குறையும், பிறகு எல்லாம் அணையும். அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். ‘அடுத்த ஊர் வரை போய்விடலாம்’ என்று நினைக்காமல் உடனே இடது வலது பார்த்து ஓரம் கட்டுங்கள். ஏசி, சீட் சூடாக்கி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்தால் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஓரம் கட்டிய பிறகு சும்மா அணைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒருமுறை அணைத்தால் மறுபடி எழாமல் போகலாம், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளக்கூட முடியாது. நிற்கும் இடம் பாதுகாப்பானது என்று உறுதியான பிறகே அணையுங்கள்.

வீட்டிலேயே ஒரு மல்டிமீட்டரால் இதைக் கண்காணிக்கலாம். மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, சிவப்பு முனையை 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் ஓய்வில் விட்ட பிறகு பார்த்தால், லெட் ஆசிட் வகையில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருப்பது நல்ல நிலை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழ் என்றால் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது அல்லது பேட்டரியின் காலம் முடிந்தது. பிறகு வண்டியை ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். கன்வெர்ட்டர் வேலை செய்தால் எண் 13-க்கு மேல் ஏறும், பல கார்களில் 14-ஐயும் தாண்டும். சில கார்கள் பேட்டரி நிறைந்ததும் மின்னழுத்தத்தைத் தாமாகவே இறக்கிவிடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஹெட்லைட்டையும் ஏசி விசிறியையும் முழு வேகத்தில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் கவனியுங்கள். எண் நிலையாக நின்றால் நல்லது. 12.5, 12.4, 12.3 என்று நழுவிக்கொண்டே போனால் கன்வெர்ட்டரிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சில புதிய டெஸ்லா கார்களில் இந்தச் சின்ன பேட்டரியும் லித்தியம் வகை, 15 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அங்கே மேலே சொன்ன எண்கள் பொருந்தாது.

சின்ன பேட்டரி மட்டும் இறங்கியிருந்தால் ஜம்ப் ஸ்டார்ட்டர் போதும். இன்ஜினைச் சுழற்ற வேண்டியதில்லை, கணினிகளை எழுப்பி கான்டாக்டரை இழுத்தால் போதும் என்பதால் சிறிய ஜம்ப் பேக்கே வேலை செய்யும். கன்வெர்ட்டர் போயிருந்தால் ஜம்ப் கொடுத்து எழுந்த வண்டி சிறிது நேரத்தில் மறுபடி சாகும்; அதை நம்பிச் சாலையில் இறங்கக் கூடாது. சின்ன பேட்டரி இருக்கும் முன் பெட்டியின் பூட்டே 12 வோல்ட்டில் திறக்கும் கார்களில், பம்பரில் இழுவைக் கொக்கி மூடிக்குப் பின்னால் இரண்டு சிறு ஒயர்கள் வைத்திருப்பார்கள், அல்லது வேறு வழி இருக்கும். உங்கள் காரில் அது எங்கே என்று கையேட்டில் இன்றே பாருங்கள். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவி, உள்ளிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி, குறிப்பாகப் பின் கதவுகளுக்கு அது இருக்கிறதா இல்லையா என்பதை வீட்டில் உள்ள எல்லோரும், குழந்தைகள் உட்பட, ஒருமுறை கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். சில கார்களில் பின் கதவைக் கையால் திறக்கும் பிடி ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். இருட்டில் பதற்றத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வண்டியை இழுத்துச் செல்ல நேர்ந்தால் நான்கு சக்கரமும் தரையைத் தொடாத ஃபிளாட்பெட் வண்டிதான் வேண்டும். மோட்டாரோடு இணைந்த சக்கரம் சுழன்றால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் உற்பத்தி செய்யும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் போகும்.

தண்ணீர், சூடு, தளர்ந்த திருகு

மழையில் சார்ஜ் ஏறாமல், வெயில் வந்ததும் ஒன்றும் தெரியாதது போல ஏறும் கார்கள் உண்டு. சர்வீஸ் சென்டரில் விட்டால் ‘கோளாறு தென்படவில்லை’ என்று திருப்பித் தருவார்கள். இது பெரும்பாலும் இன்சுலேஷன் கோளாறு. உயர் மின்னழுத்த ஒயர்களுக்கும் காரின் உடலுக்கும் இடையே தடை இருக்கிறதா என்று கார் தானே அளந்துகொண்டிருக்கும். ஆர்100 என்ற சர்வதேச விதிப்படி டிசி சுற்றுக்கு ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம், ஏசி (மாறுமின்னோட்ட) சுற்றும் சேர்ந்திருந்தால் 500 ஓம் வேண்டும். 400 வோல்ட் காரில் அது முறையே 40,000 ஓம், 2,00,000 ஓம். சார்ஜ் போர்ட்டிலோ கனெக்டரிலோ ஈரம் கசிந்தால் தடை இறங்கி, கார் சார்ஜை மறுத்துவிடும். வண்டியை விடும்போது ‘மழைக்குப் பிறகு முதல் சார்ஜில் மட்டும் வருகிறது’ என்று ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) எழுதச் சொல்லுங்கள். காய்ந்த வண்டியைச் சோதித்தால் எதுவும் தெரியாது. பதிவான பிழைக் குறியீடுகளையும் அப்போது கார் அளந்த தடை மதிப்பையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் எங்கெல்லாம் புகும் என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 ஒரு பாடம். கதவுக் கைப்பிடிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையில் நீர் இறங்கி, ஓடும்போதே கதவு திறக்கும் அபாயம் என்று 2024-ல் அமெரிக்காவில் 98,000-க்கும் மேற்பட்ட கார்களுக்கு ரீகால் வந்தது. கதவு தானாகத் திறந்தால் பேய் என்று சிரித்துவிட்டுப் போகாமல் தேதி, நேரம், மழை பெய்ததா என்பதைக் குறித்து வையுங்கள்.

சார்ஜிங் கோளாறில் காரைக் குறை சொல்லும் முன் மூன்று மாற்றிப் பார்க்கும் சோதனைகள் போதும். அதே காரை வேறு ஏசி சார்ஜரில், வேறு காரை அதே சார்ஜரில், பிறகு அதே காரை டிசி சார்ஜரில். ஏசியில் எங்கும் ஏறாமல் டிசியில் ஏறினால் ஆன்போர்டு சார்ஜர் பக்கம் கை நீட்டலாம். எந்தக் கார் வந்தாலும் ஒரே சார்ஜர் டிரிப் ஆனால் கோளாறு சுவரில்.

சுவர்க் கோளாறில் அதிகம் பார்ப்பது தளர்ந்த திருகு. ஒரு முனையத்தில் தளர்வால் 0.1 ஓம் தடை உண்டானால், 10 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 10 வாட் வெப்பம். அதே தளர்வு 32 ஆம்பியரில் 100 வாட்டைத் தாண்டும். மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் கணக்கு அது. பற்றவைக்கும் சாலிடரிங் அயர்ன் 25 முதல் 60 வாட் என்று நினைத்துப் பாருங்கள்; அதைவிடச் சூடான ஒன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரவு முழுக்க எரிகிறது. சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வையுங்கள். இளஞ்சூடு சகஜம். கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், கருகிய வாடை இதில் எது வந்தாலும் பிளக்கை இழுக்காமல் முதலில் மெயினை அணையுங்கள். முனையத் திருகுகளை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் குறித்த அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள், சில வாரப் பயன்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் சார்ஜ் போடுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது.

வெள்ளத்தில் மூழ்கிய மின்சாரக் கார், அதுவும் கடல்நீர் என்றால், வேறு விதமாக நடத்த வேண்டும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரிப் பெட்டிக்குள் புகுந்தால் நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கும். 2022-ல் இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் இப்படிப் பல கார்கள் எரிந்தன. ஸ்டார்ட் செய்து பார்க்கவோ, சார்ஜில் போடவோ கூடாது. கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி, திறந்தவெளிக்கு இழுத்துக் கொண்டுபோக வேண்டும்.

வண்டிக்கு அடியிலிருந்து படபடவென்று வெடிக்கும் ஒலி, சீறல், தரையோடு தவழும் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் புகை, கரைப்பான் போன்ற இனிப்பு வாடை வந்தால் நின்று பார்க்க நேரமில்லை. அந்தப் புகை நச்சு, எரியவும் செய்யும். எல்லோரும் இறங்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போங்கள். கைத் தீயணைப்பானால் பேட்டரித் தீயை அணைக்க முயல வேண்டாம். தீயணைப்புத் துறையிடம் முதல் வாக்கியத்திலேயே ‘மின்சாரக் கார்’ என்று சொல்லுங்கள். அணைந்த பிறகும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மறுபடி பற்றக்கூடும்.

வண்டியைத் திரும்ப வாங்கும்போது

விடும் முன் திரையில் மென்பொருள் பதிப்பு, ஓடிய தூரம், சார்ஜ் சதவீதம், அந்தச் சதவீதத்தில் காட்டும் தூரம் ஆகிய நான்கையும் போட்டோ எடுங்கள். திரும்ப வாங்கும்போது அதே நான்கையும் எடுங்கள். ஜாப் கார்டில் ரீகால் எண், பாகத்தைச் சோதித்தார்களா மாற்றினார்களா, மாற்றியிருந்தால் பாக எண், புதிய மென்பொருள் பதிப்பு இவை எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘செய்தாயிற்று’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். பேட்டரியையே இறக்கி ஏற்றியிருந்தால் மூன்றைக் கேளுங்கள்: பெட்டியின் கசிவுச் சோதனை முடிவு, இன்சுலேஷன் தடை அளவு, குளிரூட்டி நீர் நிரப்பிக் காற்று எடுத்த விவரம். குளிரூட்டி நீரின் மட்டத்தை முதல் சில வாரம் வாரம் ஒருமுறை பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்போது சற்று இறங்கலாம். இறங்கிக்கொண்டே போனால் கசிவு. உடனே கொண்டுபோக வேண்டியது.

மாற்றிய பேட்டரிக்கு வாரண்டி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். போல்ட்டில் மாற்றிய பேட்டரிக்குப் புதிதாக 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டி தரப்பட்டது. பின்னாளில் தயாரான சில போல்ட் கார்களுக்குப் பேட்டரி மாற்றாமல் கண்காணிப்பு மென்பொருள் மட்டும் போட்டார்கள். அது சுமார் 10,000 கிலோமீட்டர் வரை சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி, செல்களில் மாறுபாடு தெரியாவிட்டால் தானாகவே 100-க்கு விடுவிக்கும். பழைய கார் வாங்குபவர் அந்த நடுக் காலத்தில் உள்ள வண்டியை ஓட்டிப் பார்த்து ‘பேட்டரி தேய்ந்துவிட்டது’ என்று முடிவு கட்டலாம். மறுபக்கம், விற்பவர் ‘ரீகால் முடிந்தது’ என்று சொல்லும்போது அது புதிய பேட்டரியா, மென்பொருள் மட்டுமா என்று வாங்குபவருக்குத் தெரியாது. சேசிஸ் எண்ணோடு தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்குப் போய் அந்த வண்டியின் ரீகால் வரலாற்றை அச்சிட்டுக் கேளுங்கள். ரீகால் கடிதங்கள் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும் என்பதால், வாங்கிய வாரத்திலேயே தயாரிப்பாளரின் பதிவில் உங்கள் பெயரையும் முகவரியையும் மாற்றிவிடுங்கள்.